நுண்நிதித் துறையிற் பட்டப்பின் கல்வியும் வாழ்தொழிலும்: ஒரு நோக்கு

வறிய மக்களுக்குச் சிறுதொகைக் கடன் வழங்குதல், அவர்தம் சிறு சேமிப்புக்களைத் திரட்டுதல், அவர்களுக்கேற்ற காப்புறுதியை ஏற்படுத்துதல் ஆகிய பணிகளை ஒருங்கே குறிப்பது நுண்நிதி என்னும் சொல்லாகும். அரை நூற்றாண்டுக்கு முன்னர் இது தனியொரு கல்வித்துறையாக அறியப்பட்டிருக்கவில்லை. இன்றோ பொருளியல், வணிக முகாமைத்துவம், சமூகவியல், மானிடவியல், சட்டம் எனப் பல துறைகளிலும் முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்காக ஆய்வோர் இதனைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றனர். ஐரோப்பாவிற் பிரசெல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு நுண்நிதிக்கெனவே முதுமாணி நெறியொன்றும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று.

இக்கல்வியை மேற்கொள்ள விழையும் பட்டதாரி முதலிற் கேட்கும் கேள்வி, இதனால் எத்தகைய தொழில் கிட்டும் என்பதாகும். வேலையின்மை மலிந்த நாட்டில் இக்கேள்வியை இழிவாகக் கருதுதல் பொருந்தாது. வங்கி, நிதிக் கம்பனி, அரசசார்பற்ற நிறுவனம், மத்திய வங்கி, சர்வதேச முகவரகம் என்னும் பட்டியலே பொதுவாக இதற்கு விடையாகத் தரப்படுகின்றது. இவ்விடை பிழையன்று; ஆயினும் போதியதன்று. ஒரே துறையைப் பயின்றோருள் ஒருவர் வறியோர் உடைமையாகக் கொண்ட வங்கியை அமைத்தார். இன்னொருவர் வறியோர் கடனைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுசென்றார். வேறொருவர் கடன் வாங்கிய பெண்ணின் அடுக்களைக்குள் அமர்ந்து கணக்கேடு சொல்லாத உண்மையை எழுதினார். இவர்களை வேறுபடுத்தியது பட்டத்தின் பெயரன்று. எதனைப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என அவர்களுடைய கல்வியும் களவனுபவமும் பழக்கிய முறையே அவர்தம் வாழ்தொழிலின் திசையைத் தீர்மானித்தது. இதனைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. துறையின் வேர்கள்

நுண்நிதியின் வரலாற்றை 1970களிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆயின் அதன் வேர்கள் இன்னும் ஆழமானவை. செருமனியின் றைன்லாந்துப் பகுதியில் உள்ளூராட்சித் தலைவராகப் பணியாற்றிய பிரீட்ரிக் வில்ஹெல்ம் றைபைசன் என்பார், வட்டிக்காரரிடம் சிக்கிய குடியானவர்களுக்காக 1864இல் ஹெட்டெஸ்டோர்வ் என்னுமிடத்திற் கடன் சங்கமொன்றை நிறுவினார். ஒருவரையொருவர் அறிந்த ஊரவர் அங்கத்தவராதல், ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்றல், நிருவாகிகள் ஊதியம் பெறாது பணியாற்றல் ஆகியன இத்தகைய சங்கங்களின் அடிப்படைகளாக அமைந்தன. ஐரோப்பிய முறைகளை ஆராயுமாறு சென்னை மாகாண அரசினாற் பணிக்கப்பெற்ற பிரெடரிக் நிக்கல்சன், தம் அறிக்கையை 1895இலும் 1897இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். இந்தியாவில் 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அவ்வறிக்கை வழிகோலியது. இலங்கையிலும் 1911இற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பிற்காலத்தில் நலிவுற்றிருந்த சிக்கனக் கடனுதவிச் சங்கங்களை 1978இல் கேகாலை மாவட்டத்திலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய புத்துயிர்ப்பிக்கத் தொடங்கினார். அதுவே சணச இயக்கமாக வளர்ந்தது.

இவற்றுக்கெல்லாம் அப்பால், எமது ஊர்களிற் பெண்கள் பிடித்துவரும் சீட்டு ஒன்றுளது. பத்துப்பேர் மாதந்தோறும் ஒரு தொகையை இட்டு, முறைவைத்து ஒவ்வொருவராக மொத்தத்தை எடுத்துக்கொள்ளும் இவ்வொழுங்கிற்குப் பத்திரமும் இல்லை, பணிமனையும் இல்லை.

சீட்டிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கடன் பெறுபவரே பணத்தின் உடைமையாளருள் ஒருவராகவும் உள்ளார். அவர் செலுத்தும் வட்டியின் பயன் அங்கத்தவரிடமே திரும்புகின்றது. கடன் கொடுப்பவர் ஒருபுறமும் பெறுபவர் மறுபுறமும் நிற்கும்போது நிலைமை வேறாகின்றது. பணம் யாருடையது, இலாபம் யாரிடம் போகின்றது, நட்டம் யார் தலையில் விழுகின்றது என்னும் மூன்று கேள்விகளும் இத்துறை மாணவரின் அரிச்சுவடியாதல் வேண்டும். பின்வரும் பகுதிகளில் இவை மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம்.

2. வகுப்பறையிலிருந்து ஜோப்ராவுக்கு

இத்துறையில் மிகவும் அறியப்பட்டவர் முகம்மது யூனுஸ். 1965இற் புல்பிரைட் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்ற இவர், வன்டர்பில்ட் பல்கலைக்கழகத்திற் பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஜோர்ஜெஸ்கு-ரோஜென் என்னும் சிந்தனையாளர் அங்கு அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். யூனுஸின் கலாநிதிப்பட்ட ஆய்வு ஏழைகளைப் பற்றியதன்று, கடனைப் பற்றியதுமன்று. நீர்த்தேக்கமொன்றின் நீரைப் பல்வேறு தேவைகளுக்கிடையே எவ்வாறு பகிர்வது என்பதற்கான கணித மாதிரியே அதன் பொருளாகும்.

1972இல் நாடு திரும்பிச் சிற்றகொங் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பிக்கலானார். 1974ஆம் ஆண்டின் கொடிய பஞ்சம் அவர் கற்பித்த கோட்பாடுகளுக்கும் வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்தவற்றுக்கும் இடையிலிருந்த தூரத்தை வெளிக்காட்டியது. பல்கலைக்கழகத்தை அடுத்திருந்த ஜோப்ரா கிராமத்துக்கு அவரும் மாணவரும் சென்றனர். முதலிற் கையிலெடுத்தது கடனன்று, நீர்ப்பாசனமே. ஆழ்கிணற்று நீரைப் பயன்படுத்தி நில உடைமையாளரும் உழைப்போரும் விளைச்சலைப் பங்கிடும் கூட்டுப் பயிர்ச்செய்கையொன்றை ஏற்படுத்தினர். நிலமற்ற பெண்களுக்கு இதனாற் பெரும்பயன் விளையவில்லை என்பதைக் கண்ட பின்னரே அவர்களின் வருமானத்தை ஆராயத் தலைப்பட்டனர்.

மூங்கில் முக்காலி பின்னும் பெண்ணொருவர் மூங்கில் வாங்க வேண்டிய சுமார் ஐந்து டாக்காவை வியாபாரியிடம் கடனாகப் பெற்றார். அதற்குப் பிரதியாக, முடிந்த முக்காலியை அவ்வியாபாரிக்கே அவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டியிருந்தது. ஒருநாள் உழைப்பில் எஞ்சியது ஐம்பது பைசா மட்டுமே. இத்தகைய பிடியிலிருந்தோரின் பட்டியலைத் தயாரித்தபோது 42 பேரின் மொத்தத் தேவை 856 டாக்காவாக, அதாவது 27 அமெரிக்க டொலருக்கும் குறைவாக இருந்தது. 1976இல் அத்தொகையை யூனுஸ் தம் பணத்திலிருந்து கொடுத்தார். அம்முயற்சியிலிருந்து வளர்ந்த திட்டமே 1983இற் சட்டவாக்கத்தின் மூலம் கிராமீன் வங்கியாயிற்று. கடன் பெற்றோரே அதன் பங்குகளிற் பெரும்பகுதியை உடையவராயினர். 2006இல் யூனுஸுக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அமெரிக்கக் கலாநிதிப் பட்டம் யூனுஸுக்கு நுண்கடனைக் கற்பிக்கவில்லை. ஒரு பிரச்சினையைக் கூறுகளாகப் பிரித்து, எக்கூறு மற்றவற்றைக் கட்டுப்படுத்துகின்றதெனக் காணும் பயிற்சியையே அது அளித்தது எனலாம். முக்காலி பின்னும் பெண்ணின் வறுமையைச் சோம்பலாகவோ திறமையின்மையாகவோ அவர் விளக்கவில்லை. ஐந்து டாக்கா முதலீடு இன்மையாலும் அதனால் ஏற்பட்ட விலைப் பிணைப்பாலும் நேர்ந்ததாகக் கண்டார். அப்பயிற்சி மட்டும் போதியிருந்தால் அவர் நீர்த்தேக்கங்களுடனேயே நின்றிருப்பார். பட்டியல் எடுக்க ஊருக்குள் நடந்ததும் சேர்ந்தபோதுதான் அவருடைய தொழில் வேறொன்றாயிற்று.

3. கணக்கேடு கூறுவதும் மறைப்பதும்

நுண்கடனின் இயங்குமுறையை இனி நோக்குவோம். ஐந்து பெண்கள் ஒரு குழுவாவர். ஈடாக வைக்கக் காணியோ நகையோ கோரப்படுவதில்லை. குழுவின் கண்காணிப்பும் நிர்ப்பந்தமும் அதன் இடத்தைப் பெறுகின்றன. பல குழுக்கள் வாரந்தோறும் ஓரிடத்திற் கூட, உத்தியோகத்தர் அங்கு வந்து தவணையைப் பெறுவார். ஒருவர் தவறினால் மற்றையோரின் அடுத்த கடன் தடைப்படலாம். சிறு தொகையை ஈடின்றிக் கொடுப்பதில் உள்ள இடரையும் செலவையும் இம்முறை பெருமளவு குறைத்தது. திருப்பிச் செலுத்தும் வீதம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் எனப் பல நிறுவனங்கள் அறிவித்தன.

நிதியியலைப் பயிலும் மாணவர் இவ்விடத்திற் கற்கும் முதற் பாடம் வட்டியைக் கணிக்கும் முறையாகும். ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். 50,000 ரூபா கடன். ஆண்டு வட்டி 20 சதவீதம். 52 வாரத் தவணைகள். நிறுவனம் முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டியிட்டு 10,000 ரூபாவைச் சேர்த்து 60,000 ரூபாவை 52ஆற் பிரிக்கின்றது. வாரத் தவணை ஏறக்குறைய 1,154 ரூபா. கடன் பெற்றவரிடம் முழு 50,000 ரூபாவும் முதல் வாரத்தில் மட்டுமே உண்டு. ஆண்டின் நடுவில் பாதியளவே எஞ்சும். இறுதி வாரங்களில் மிகச் சிறு தொகையே நிற்கும். உண்மையாகக் கையிலிருந்த பணத்துக்கு வட்டியைக் கணித்தால் அது ஆண்டுக்கு 37 சதவீதமளவில் வரும். அறிவித்த வீதத்தின் ஏறக்குறைய இருமடங்கு அது. விண்ணப்பக் கட்டணம், கட்டாயச் சேமிப்பு என்னும் பெயர்களிற் கடன் கொடுக்கும்போதே ஒரு பகுதி பிடித்துக்கொள்ளப்படுமாயின் உண்மை வீதம் இன்னும் உயரும்.

இக்கணக்கு கடினமானதன்று, உயர்தர வகுப்பு மாணவரும் சற்று முயன்றாற் செய்யலாம். ஆயினும் பத்திரத்திற் கையொப்பமிடும் பெண்ணுக்கு இதனைச் செய்துகாட்டுவோர் எவருமிலர். செய்துகாட்டத் தெரிந்தவருக்கு மாதச் சம்பளம் அக்கடன் கொடுபடுவதிலேயே தங்கியுள்ளது. முதுமாணிப் பட்டம் பெற்று நிதிக் கம்பனியொன்றிற் கிளை முகாமையாளராகச் செல்பவர் முதல் மாதத்திலேயே எதிர்கொள்ளும் நெருக்கடி இதுவேயாகும்.

திருப்பிச் செலுத்தும் வீதமும் இத்தகையதே. தவணை வந்ததா இல்லையா என்பதைக் கணக்கேடு கூறும். எங்கிருந்து வந்தது என்பதைக் கூறாது. வியாபார வருமானத்தாற் கட்டிய தவணையும், காதிலிருந்த தோட்டை அடகு வைத்துக் கட்டிய தவணையும், இன்னொரு கம்பனியிற் கடன் எடுத்துக் கட்டிய தவணையும், பிள்ளைகளின் ஒருவேளை உணவைக் குறைத்துக் கட்டிய தவணையும் ஏட்டில் ஒரே எண்ணாகவே பதிவாகும்.

4. பங்குச் சந்தையும் ஆந்திர நெருக்கடியும்

இக்கணக்கேட்டை மட்டும் நம்பி ஒரு தொழில்துறை விரிவடையும்போது நிகழ்வது யாது என்பதை ஆந்திரப் பிரதேசம் காட்டிற்று. ஐதராபாத்திற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த விக்ரம் அகுலா, யேல் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் பின்னர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அரசறிவியலிற் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். புல்பிரைட் புலமைப்பரிசிலுடன் இந்தியக் கிராமங்களிற் பணியாற்றியவர். யூனுஸைப் போன்றே கற்றவர், களம் அறிந்தவர். 1997இல் அவர் நிறுவிய எஸ். கே. எஸ். முதலில் இலாப நோக்கற்ற அமைப்பாக இருந்தது; 2005இல் இலாப நோக்குடைய நிறுவனமாயிற்று; 2010 ஓகஸ்டிற் பங்குச் சந்தைக்கு வந்தது.

நன்கொடைப் பணம் போதாது, மூலதனச் சந்தையை அணுகினாலன்றிக் கோடிக்கணக்கான வறியோரைச் சென்றடைய இயலாது என்பது அகுலாவின் வாதம். அவ்வாதத்தில் உண்மையின் கூறு உண்டு. ஆயின் பங்குதாரர் எதிர்பார்ப்பது வளர்ச்சி. வளர்ச்சி உத்தியோகத்தருக்கு இலக்காகின்றது. இலக்கை எட்ட ஏற்கனவே கடனுள்ள வீட்டுக்கே மீண்டும் கடன் கொடுக்கப்படுகின்றது. பல நிறுவனங்கள் ஒரே கிராமத்திற் போட்டியிட்டபோது ஒரே குடும்பம் பலரிடம் கடன்பட்டது. கடன் நெருக்குதலால் தற்கொலைகள் நேர்ந்தனவெனச் செய்திகள் வெளிவர, 2010 ஒக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டமொன்றைப் பிறப்பித்தது. தவணை செலுத்துதல் அம்மாநிலத்திற் பெருமளவு நின்றுபோயிற்று. 2011 ஜனவரியில் மாலேகம் குழு தன் அறிக்கையை அளித்தது. ஒருவருக்கு இரண்டுக்கு மேற்பட்ட நுண்நிதி நிறுவனங்கள் கடன் கொடுத்தலாகாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் அகுலா நிறுவனத்தின் தலைமையிலிருந்து விலகினார்.

வறியோரிடமிருந்து பங்குதாரர் இலாபம் ஈட்டுவதை யூனுஸ் வெளிப்படையாகவே கண்டித்தார். இருவருக்குமிடையிலான வேறுபாட்டைத் தனிமனித நற்குணம், தீக்குணம் என விளக்குதல் எளிது. ஆயின் அது விளக்கமாகாது. முதற்பகுதியிற் கூறிய மூன்று கேள்விகளுக்கும் இரு அமைப்புக்களும் அளித்த விடைகள் வேறானவை. நல்லெண்ணமுடைய பட்டதாரியும் பிழையான அமைப்புக்குட் புகுந்தால் அவ்வமைப்பின் கணக்கையே நடத்துவார். எனவே நிறுவனத்தின் உடைமை அமைப்பைப் படித்தறியும் ஆற்றல், வட்டிக் கணக்கைப் போலவே இத்துறை மாணவருக்கு இன்றியமையாததாகும்.

5. ஆய்வாளரின் பணி

நுண்கடன் வறுமையைக் குறைக்கின்றதா என்னும் கேள்வி பலருக்கு வாழ்நாள் ஆய்வாயிற்று. மார்க் பிற், ஷாஹிதுர் கந்த்கர் ஆகியோர் 1991–92இல் பங்களாதேஷின் 87 கிராமங்களில் எடுக்கப்பட்ட தரவுகளைக் கொண்டு 1998இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பெண்களுக்கு வழங்கும் ஒவ்வொரு 100 டாக்கா கடனும் குடும்ப நுகர்வை ஆண்டுக்கு 18 டாக்காவால் உயர்த்துகின்றது என்பதே அது. இவ்வெண் உலகெங்கும் மேற்கோளாயிற்று. அதே தரவுகளை ஜொனதன் மோர்டக் மீளாய்ந்து ஐயம் எழுப்பினார். பின்னர் டேவிட் ரூட்மனுடன் இணைந்து, அத்தரவுகளிலிருந்து அத்தகைய காரணகாரியத் தொடர்பை நிறுவ இயலாதென வாதிட்டார். பிற், கந்த்கர் தம் முடிவைத் தொடர்ந்து பாதுகாத்தனர். ரூட்மன் பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. பிறர் கணக்கை அடியிலிருந்து மீளச் செய்துபார்க்கும் பொறுமையே அவருடைய தகுதியாயிற்று.

இப்பிணக்கைத் தீர்க்க எழுமாற்றுப் பரிசோதனை முறை கையாளப்பட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர், சிந்தியா கின்னன் ஆகியோர் ஐதராபாத்தின் 104 வறிய குடியிருப்புப் பகுதிகளைத் தெரிந்து, எழுமாற்றாக அவற்றுட் பாதியில் மட்டும் கடன் நிறுவனமொன்றின் கிளைகள் முதலில் திறக்கப்படுமாறு ஒழுங்கு செய்தனர். கின்னன் இவ்வாய்வின்போது கலாநிதிப் பட்ட மாணவியாக இருந்தவர். சிறு தொழில்களில் முதலீடு கூடியது. ஆயின் சராசரி நுகர்வு குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. சுகாதாரம், கல்வி, பெண்களின் தீர்மானிக்கும் ஆற்றல் ஆகியவற்றிலும் மாற்றம் காணப்படவில்லை. 2015இல் வெளியான இவ்வாய்வுடன் பொஸ்னியா, எதியோப்பியா, மெக்சிக்கோ, மொங்கோலியா, மொறோக்கோ ஆகிய நாடுகளின் ஆய்வுகளும் சேர்ந்து வெளிவந்தன. அவையும் பெருநன்மை என்றோ பெருந்தீமை என்றோ சராசரியிற் காட்டவில்லை.

சராசரி என்பதோ தனியொருவரின் அழிவை மறைக்க வல்லது. அவ்விடத்தில் மானிடவியலாளரின் பணி தொடங்குகின்றது. கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்த அமினுர் ரஹ்மான், பங்களாதேஷின் கிராமமொன்றிற் தங்கி 1999இல் தம் நூலை வெளியிட்டார். பெண்ணின் பெயரிற் பெற்ற கடனிற் பெரும்பகுதியை ஆண்கள் பயன்படுத்துவதையும், தவணைப் பொறுப்பும் அவமானமும் பெண்ணிடமே எஞ்சுவதையும், பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் எடுக்கப்படுவதையும் அவர் காட்டினார். ரைஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்ற லாமியா கரீம் 2011இல் வெளியிட்ட நூலில், கிராமப் பெண்ணின் மானத்தையே கடனுக்கு ஈடாக்கும் ஒழுங்கை ‘வெட்கத்தின் பொருளாதாரம்’ என்னும் கருத்தினால் விளக்கினார்.

இவ்விரு நெறிகளுக்கும் இடைப்பட்ட முறையொன்றும் உண்டு. பங்களாதேஷ், இந்தியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கு மேற்பட்ட வறிய குடும்பங்களை இருவாரத்துக்கொருமுறை ஓராண்டுக்குச் சந்தித்து, வந்த பணம், போன பணம் அனைத்தையும் ஆய்வாளர் பதிந்தனர். 2009இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வின்படி எந்தக் குடும்பமும் நான்கு வகைகளுக்குக் குறைவான நிதி வழிகளைக் கையாளவில்லை. உறவினர் கைமாற்று, கடைக் கடன், சீட்டு, பிறரிடம் பத்திரமாக வைத்த பணம் என அவை விரிந்தன. வறியோருக்கு நிதி முகாமைத்துவம் தெரியாது என்னும் எண்ணம் இதனாற் பொய்த்தது. எமது பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பெருநிதியின்றித் தம் ஊரிலேயே மேற்கொள்ளக்கூடிய முறையும் இதுவேயாகும்.

6. இலங்கை நிலையும் திறந்துள்ள வழிகளும்

2009இல் யுத்தம் முடிவுற்ற பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் பெருமளவிற் கிளை பரப்பின. இடப்பெயர்வினாற் சேமிப்பையும் நகையையும் இழந்திருந்த குடும்பங்கள், குறிப்பாகப் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், வருமான வழி மீள்வதற்கு முன்னரே கடனாளிகளாயின. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தது. 2018இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களைச் சேர்ந்த பெண்களின் 100,000 ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டு வட்டி 35 சதவீதத்தை மீறலாகாதென வரையறை செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே இங்கு வருகை தந்த ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் போஹோஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிடுவோராற் பெண்கள் எதிர்நோக்கும் வன்முறைகளைச் சுட்டிக்காட்டினார். 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையிற் பாதிக்கப்பட்ட பெண்களே சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். மொழியாலும் மாவட்டத்தாலும் பிரிந்திருந்த பெண்களின் துயர் ஒரே கணக்குமுறையிலிருந்து பிறந்தது என்பது இதனாற் புலனாகும்.

இப்பின்னணியில் இத்துறையிற் பட்டப்பின் கல்வி பெறுவோருக்கு நான்கு வழிகள் திறந்துள்ளன எனலாம்.

முதலாவது, நிறுவனத்தின் உட்பணி. கிளை முகாமைத்துவம், இடர் மதிப்பீடு, உள்ளகக் கணக்காய்வு ஆகியன இதிலடங்கும். உத்தியோகத்தரின் ஊக்கத்தொகையை எத்தனை கடன் கொடுத்தார் என்பதுடன் மட்டும் பிணைத்தால் விளைவது யாதென்பதை ஆந்திர வரலாற்றாற் கற்றவர், அவ்விதியை மாற்றுமாறு மேலிடத்துக்கு ஆதாரத்துடன் எழுத வல்லவராவார். அது ஏற்கப்படாவிடின் எவ்விடத்தில் தாம் நிற்கமாட்டார் என்பதையும் அவர் முன்னரே தீர்மானித்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒழுங்குபடுத்தும் பணி. மத்திய வங்கி, நிதியமைச்சு, சட்டவரைவுத் துறை ஆகியன இத்தகையோரை வேண்டி நிற்கின்றன. பங்களாதேஷ் 2006இல் நுண்கடனுக்கெனத் தனி ஒழுங்குமுறை அதிகாரசபையை அமைத்தது. உண்மை வட்டியைத் தமிழிலும் சிங்களத்திலும் பத்திரத்தின் முகப்பிலேயே எழுதுமாறு விதிப்பதற்கும், ஒருவரின் பல கடன்களை ஒருங்கே காட்டும் பதிவை ஏற்படுத்துவதற்கும் கணக்கும் சட்டமும் சேரக் கற்றவர் தேவை.

மூன்றாவது, ஆய்வும் போதனையும். தமிழில் இத்துறைக்குரிய கலைச்சொற்களே இன்னும் நிலைபெறவில்லை. குறைந்து செல்லும் மீதிக்கான வட்டி, உண்மை ஆண்டு வட்டி, கூட்டுப்பிணை ஆகியவற்றைக் கடன் பெறும் பெண்ணுக்கு விளங்கும் தமிழில் எழுதுவது ஆய்வுக்குக் குறைந்த பணியன்று.

நான்காவது, கடன்பட்டோர் பக்கத்துப் பணி. கூட்டுறவுச் சங்கங்களை மீளக் கட்டுதல், பல கடன்களை ஒன்றாக்கித் தவணையை மீளொழுங்கு செய்தல், வழக்கு வந்தபோது கணக்கைச் சரிபார்த்து நீதிமன்றுக்கு விளக்குதல், மாதர் சங்கங்களுக்கு ஏடு எழுதப் பழக்குதல் ஆகியன இதன்பாற்படும். இவ்வழியிற் சம்பளம் குறைவு. பதவிப் பெயரும் சிறிது. ஆயின் பட்டதாரிகள் மிகக் குறைவாகவே செல்லும் வழியும், பயிற்சி பெற்றோருக்கு மிகக் கூடிய தேவையுள்ள வழியும் இதுவேயாகும்.

இந்நான்கினுள் எதனைத் தெரிந்தாலும், அதற்கான ஆயத்தம் ஆய்வேட்டின் தலைப்பைத் தெரியும் நாளிலேயே தொடங்கிவிடுகின்றது. நிறுவனமொன்றின் திருப்பிச் செலுத்தும் வீதத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் எவை என ஆராயும் மாணவர் கடன் கொடுத்தவரின் இடரை அளக்கப் பழகுகின்றார். அத்தவணை எதனை விற்று, எதனைக் குறைத்து, யாரிடம் பெற்றுச் செலுத்தப்பட்டது என ஆராயும் மாணவரோ கடன் வாங்கியவரின் இடரையும் அளக்கப் பழகுகின்றார். முதற்கேள்வி தேவையற்றதன்று, வைப்பாளரின் பணத்தைப் பேண அது வேண்டும். ஆயின் அக்கேள்வியோடு நின்றுவிடும் கல்வி, கடன் சேகரிப்பாளர் ஒருவருக்கு உயர்ந்த பதவிப் பெயரை அளிப்பதுடன் முடிந்துவிடும்.

எனவே இத்துறையில் முதுமாணி நெறியை அமைப்போரும் மேற்பார்வை செய்யும் ஆசிரியரும் நிதியியலையும் களவாய்வையும் தனித்தனியே பிரித்து வைத்தலாகாது. வட்டிக் கணக்கைச் செய்யத் தெரியாத சமூகவியலாளரால் கம்பனியின் பத்திரத்தை எதிர்த்து வாதாட இயலாது. ஒரு வீட்டின் ஓராண்டு வரவுசெலவை இருந்து கேட்டறியாத நிதியியலாளரால் தம் எண்களின் பொருளை அறிய இயலாது. ஒவ்வொரு மாணவரும் பட்டம் பெறுமுன் கடன் பத்திரமொன்றின் உண்மை வட்டியைத் தாமே கணித்திருத்தலும், கடன் பெற்ற குடும்பமொன்றை ஓராண்டேனும் தொடர்ந்து சந்தித்திருத்தலும் கட்டாயமாதல் வேண்டும். அவ்வாறு பயின்றவர் எப்பணிமனையில் அமர்ந்தாலும், அவர் முன்னுள்ள ஏட்டின் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வீடு இருப்பதை மறவாது பணியாற்றுவார் என எதிர்பார்க்கலாம்.